பிணையாளருக்கு ஒரு தனிப் பெட்டி

நூலகராக இருந்த அவளிடம் ஏச்சு வாங்காமல் அந்த நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் வெளியே போனதாக எனக்கு நினைவில்லை. சந்தைக்குப் போய்விட்டு அப்படியே புத்தகம் மாற்ற வந்த பெண்ணைப் பார்த்து, "வெங்காயப் பைக்குள்ளை புத்தகத்தைப் போட்டுக்கொண்டு வாறியளே, உங்களுக்கென்ன விசரே?" என்பாள். பத்திரிகையின் குறுக்கெழுத்துப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்த ஓய்வுபெற்ற ஆசிரியரை வாசல்வரை துரத்திக்கொண்டு போய், "சேர், வயசுக்கு ஏத்த வேலையே இது?" என்று கேட்டாள். அடுத்த வாரம் அவர் தயங்கித் தயங்கி வந்தபோது, அந்தப் பக்கத்தைப் போட்டோப்பிரதி எடுத்து வைத்திருந்து நீட்டினாள். நீட்டும்போதும் ஏசினாள். அவளுடைய வாய்க்கும் கைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. வாய் விரட்டும், கை கொடுக்கும்.

முப்பத்துமூன்று வயது. நகரத்துக் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். காலையில் ஸ்கூட்டியில் நூலகம் இருக்கும் பண்டத்தரிப்புப் பக்கம் வந்து, ஹெல்மெற்றைக் கழற்றி அலுமாரிமேல் வைத்த கையோடு யாரையாவது ஏசத் தொடங்கினால், மாலை பூட்டும்வரை ஓயமாட்டாள். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அதையும் யாராவது ஒரு பட்டியலில் சேர்த்துவிடுவார்கள்.

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. பிரதேச சபையின் செயலாளர்மேல் கோபம், என் முதலாளிமேல் கோபம், ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்த அவள்மேலும் கோபம். இரங்கல் உரை மாதிரி உருகி உருகி எழுத எனக்கு வராது. அவள் செத்துப்போகவும் இல்லை. தீவுப் பக்கத்தில் ஒரு உப அலுவலகத்தில் கடிதங்களுக்கு இலக்கம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் யாழ்ப்பாண நகரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நிரல் எழுதுவது மற்றவர்களின் வேலை. அதற்கு முன்னால் படம் வரைவது என் வேலை. ஒரு இடத்தில் யார் யார் என்ன செய்கிறார்கள், எது எதோடு தொடர்பு, எது நடந்தபிறகு எது நடக்கும் என்று பெட்டியும் கோடுமாக வரைந்து, சம்பந்தப்பட்டவர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். கட்டடம் கட்ட முன்னர் வீட்டுப் படம் வரைகிற மாதிரி. பதினைந்து வருடமாக இதைச் செய்கிறேன். கெட்டிக்காரி என்று பெயரும் எடுத்திருந்தேன்.

எங்கள் பிரதேச சபை தன் நூலகத்துக்கு ஒரு கணினிச் செயலி வேண்டுமென்று எங்களிடம் வந்தது. எங்கள் என்று சொல்வது என் வீடும் அந்த எல்லைக்குள் இருப்பதால். நாலைந்து தாள்களை ஒட்டி, பெரிய படமாக வரைந்துகொண்டு அவளிடம் போனேன். அந்தவகைப் படத்தில் ஆட்களைக் குச்சி உருவமாகப் போடுவது வழக்கம். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு கோடு, கைகால்களுக்கு நாலு கோடு.

"இது ஆர்?" என்று கேட்டாள்.

"நூலகர். நீங்கள்தான் மிஸ்."

"நானே? ஈர்க்கிலை கட்டின மாதிரி இருக்கிறன். எனக்குச் சாப்பாடு போடுறேல்லையே உங்கடை கொம்பனியிலை?" என்றாள். பிறகு தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்து, "சரி, இருங்கோ அக்கா. தேத்தண்ணி குடிக்கிறியளே? குடிக்காட்டியும் ஊத்திப்போட்டன்" என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் அந்த மேசையில் இருந்தேன். படங்களில் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். ஒரு கேள்வி வருகிற இடத்தில் சாய்சதுரம் போடுவோம். அதிலிருந்து இரண்டு கோடுகள் பிரியும், ஆம் என்றால் ஒரு பக்கம், இல்லை என்றால் மற்றப் பக்கம். அங்கத்துவ அட்டை இருக்கிறதா? ஆம் என்றால் புத்தகம் கொடு. இல்லை என்றால் கோடு நேரே கீழே போய் ஒரு கறுப்பு வட்டத்தில் நின்றுவிடும். கறுப்பு வட்டம் என்றால் அலுவல் முடிந்தது.

"இந்த 'இல்லை' எங்கை போகுது?"

"முடிவுக்கு."

"முடிவெண்டால்?"

"ஆள் போகலாம் எண்டு அர்த்தம்."

"எங்கை போறது? ரெண்டு பஸ் மாறி வந்த மனுசியை, அட்டையை வீட்டிலை விட்டிட்டு வந்ததுக்குப் போ எண்டு சொல்லுவியளே? திருப்பி ஒரு கோடு போடுங்கோ."

"திருப்பி எங்கை போடுறது?"

"என்னட்டைப் போடுங்கோ. நான் நாலு பேச்சுப் பேசிப்போட்டுக் குடுக்கிறன்."

போட்டேன். புத்தகம் பிந்தினால், அட்டை தொலைந்தால், முகவரி மாறினால், எல்லா 'இல்லை'யும் வளைந்து வளைந்து அவளுடைய ஈர்க்கு உருவத்திடமே வந்தன. என் முதலாளி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதென்ன, இடியப்பம் பிழிஞ்சு வைச்சிருக்கிறீங்கள்?" என்று சிரித்தார். எனக்கு மானம் போய்விட்டது. அலுவலகத்தில் உட்கார்ந்து கோடுகளை எல்லாம் வெட்டி நேராக்கிக்கொண்டு அடுத்த செவ்வாய் போனால், ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத் திரும்பவும் போடவைத்தாள்.

ஒருநாள் நான் இருக்கும்போதே ஒரு பெண் இரண்டு பிள்ளைகளுடன் வந்தாள். போரில் இடம்பெயர்ந்தவர்களின் நலன்புரி முகாமிலிருந்து வந்திருந்தாள். வடக்குக் கரையில் சொந்தக் காணி இருந்தும் அது இன்னும் இராணுவத்திடமிருந்து விடுபடாததால், கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்றதெல்லாம் முகாமின் தகரக் கொட்டிலுக்குள்தான் என்கிற சனம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அங்கத்துவம் வேண்டும். இவள் படிவத்தை எடுத்து நீட்டி, "பேரை வடிவா எழுதுங்கோ. கோழி கிளறின மாதிரி எழுதினா நான் வாசிக்கிறதே? பிள்ளையளின்ரை மூக்கைத் துடையுங்கோ முதல்ல" என்று ஏசினாள். அந்தப் பெண் நிரப்பிக் கொடுத்த தாளில் இவள் விறுவிறென்று இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பத்து நிமிடத்தில் அட்டை தயார்.

நான் என் குறிப்பேட்டில் எழுதினேன்: நூலகர் படிவத்தில் இரண்டு இடத்தில் கையெழுத்திடுவார். கண்ணால் பார்த்தேன், கையால் எழுதினேன். ஏன் இரண்டு இடம் என்று கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

இங்கே ஒரு விளக்கம் சொல்லவேண்டும். சபை நூலகத்தில் அங்கத்தவராகச் சேர ஒரு பிணையாளர் வேண்டும். புத்தகத்தைத் தொலைத்தால் நான் பொறுப்பு என்று அவர் கையெழுத்து வைக்கவேண்டும். அவர் சபைக்குச் சோலைவரி, அதாவது வீட்டு வரி, கட்டுகிற வீட்டுக்காரராகவோ அரசாங்க உத்தியோகத்தராகவோ இருக்கவேண்டும். ஒருவர் இரண்டு பேருக்குமேல் பிணை நிற்கக்கூடாது. முகாமில் இருக்கிறவனுக்கு வீடு ஏது, சோலைவரி ஏது? அவனைத் தெரிந்த உத்தியோகத்தர் யார்? சட்டம் எழுதியவர் இதை யோசித்திருக்க மாட்டார். படம் வரைந்த நானும் யோசிக்கவில்லை.

பழைய முறையில் இந்தப் படிவங்கள் அங்கத்தவர் பெயர் வரிசையில் அட்டைப் பெட்டிகளுக்குள் செருகிக் கிடந்தன. பிணையாளரின் பெயர் ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு வரியாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வரிகளை யாரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில்லை. நான் வரைந்த படத்தில் அங்கத்தவருக்கு ஒரு பெட்டி, புத்தகத்துக்கு ஒரு பெட்டி, பிணையாளருக்கும் ஒரு தனிப் பெட்டி.

"பிணை வைக்கிற ஆளுக்கு ஏன் தனிப்பெட்டி?" என்று கேட்டாள். அன்று குரலில் வழக்கமான சூடு இல்லை. "அது மெம்பரின்ரை பெட்டிக்குள்ளையே ஒரு வரியாக் கிடக்கட்டுமன்."

"அப்பிடிச் செய்யிறது ஒழுங்கில்லை மிஸ். ஒரே ஆளின்ரை பேரைத் திருப்பித் திருப்பி எழுதவேண்டி வரும். தனியா வைச்சால் ஒருக்கா எழுதினால் காணும்."

"திருப்பித் திருப்பி எழுதினால் என்ன? கையே வலிக்கப் போகுது உங்களுக்கு?"

நான் சிரித்தேன். தொழில் தெரியாதவர்களிடம் சிரிக்கிற சிரிப்பு. பிறகு இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் கோடு இழுத்து, முனைகளில் எண்களை எழுதினேன். அங்கத்தவர் ஒருவருக்குப் பிணையாளர் ஒன்று. பிணையாளர் ஒருவருக்கு அங்கத்தவர் இரண்டு.

"அந்த ரெண்டைப் போடாதேங்கோ அக்கா. அந்த இடத்தை வெறுமனே விடுங்கோ."

"வெறுமனே விடேலாது. சட்டப் புத்தகத்திலை ரெண்டு எண்டுதானே இருக்கு?"

"ஓம், இருக்கு."

"பிறகென்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லத்தான் வாய் எடுத்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ சைக்கிளைப் படியில் சாய்க்க, எழுந்துபோய் அவரை ஏசிவிட்டு வந்தாள். வந்து ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டாள், அந்தப் பக்கத்திலும் போட்டாள்.

எத்தனை பேரும் இருக்கலாம் என்பதைக் காட்ட அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடலாம். எங்கள் தொழிலில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம். போட்டிருந்தால் யாரும் என்னிடம் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு பெண் முகம் கறுத்து, அந்த எண் வேண்டாம் என்று கேட்கிறாள். எனக்குச் சட்டப் புத்தகம் பெரிதாகப் போய்விட்டது.

செயலி தயாரானது. அட்டைப் பெட்டிகளை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு பேரை இருத்திப் படிவங்களை எல்லாம் கணினியில் ஏற்றினோம். விதி மீறல் இருந்தால் அந்தப் பிணையாளரின் படிவங்கள் எல்லாவற்றையுமே ஏற்காமல், அவற்றைத் தனிப் பட்டியலாகத் தரும்படி நிரலில் எழுதியிருந்தோம். அந்தப் பட்டியலை வாராவாரம் செயலாளருக்கு அனுப்பவேண்டும் என்பது ஒப்பந்தம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அனுப்பினேன். திறந்து பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொத்தானை அழுத்திவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

திங்கட்கிழமை செயலாளர் அழைத்தார். பட்டியலில் நூற்றுப்பதினேழு அங்கத்தவர்கள். அத்தனை பேருக்கும் ஒரே பிணையாளர். நூலகர்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். செயலாளர் எங்களுக்குப் பிளேன்ரீ கொண்டுவரச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். மேசையில் என்னுடைய படம் கிடந்தது. அந்த 'இரண்டு' மஞ்சள் மையால் பூசப்பட்டிருந்தது.

"இதிலை நீங்கள்தானே கையெழுத்து வைச்சிருக்கிறியள்? ரெண்டு பேருக்கு மேலை ஏலாதெண்டு உங்களுக்கு வடிவாத் தெரிஞ்சிருக்கு."

"ஓம் சேர். இதிலையும் நான்தான் வைச்சனான். அந்த நூற்றிப்பதினேழிலையும் நான்தான் வைச்சனான்."

"புத்தகம் துலைஞ்சால்?"

"அதுக்குத்தானே சேர் பிணை. நான் குடுப்பன். இதுவரைக்கும் அவையிட்டைத் துலைஞ்சது ரெண்டே ரெண்டு. அதுக்குப் பதிலா வேறை வாங்கி வைச்சிட்டன். சோலைவரி கட்டுற ஆக்கள் கொண்டுபோய்த் திருப்பித் தராதது எத்தினையெண்டு பாப்பமே? அக்கா, உங்கடை கொம்பியூட்டரிலை அடியுங்கோ ஒருக்கா."

மடிக்கணினி என் முன்னால் திறந்துதான் இருந்தது. இரண்டு விசைகளில் அந்தக் கணக்கு வந்துவிடும். நான் செயலாளரின் முகத்தைப் பார்த்தேன். "அது வேறை விசயம். இப்ப அதைக் கதைக்கேல்லை. சட்டமெண்டு ஒண்டு இருக்கெல்லே?" என்றார் அவர். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, இனிமேல் இப்படி நடக்காது என்று உறுதி தரமுடியுமா என்று கேட்டார்.

"ஓம் சேர், சிஸ்டம் விடாது" என்றேன்.

நல்ல வேலை செய்திருக்கிறோம் என்று அவர் பாராட்டினார். நான் நன்றியும் சொன்னேன்.

வெளியே விறாந்தையில் அவள் ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னை நாறடிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் கிட்டப் போனேன். நாறடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா எழுதிப்போடுவியள் மிஸ்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதுவரைக்கும் என்னை அக்கா என்று கூப்பிட்டவள்.

இரண்டு கிழமையில் இடமாற்றக் கடிதம் வந்தது. நூற்றுப்பதினேழு அட்டைகளும் முடக்கப்பட்டன. அவர்கள் புதுப் பிணையாளரோடு வந்தால் திறக்கலாமாம். புதிய நூலகர் சாதுவான மனிதர். யாரையும் ஏசமாட்டார். அட்டை வேலை செய்யாவிட்டால் திரையைத் திருப்பிக் காட்டுவார், வந்தவர் பார்த்துவிட்டுப் போவார். சண்டை சச்சரவு இல்லை. நூலகம் அமைதியாக இருக்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த இரண்டை மாற்ற எனக்கு ஒரு நிமிடம் போதும். கடவுச்சொல் என்னிடம்தான் இருக்கிறது. முதலாளியிடம் கேட்டேன், சபையிடமிருந்து கடிதம் வேண்டும் என்றார். சபைக்கு மூன்று தரம் எழுதினேன், பதில் இல்லை. களவாக மாற்றியிருக்கலாம். பயந்துவிட்டேன். அவளுக்கு இல்லாத பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவளைவிடச் சம்பளமும் கூட, வயதும் கூட.

பிறகு, நான் சோலைவரி கட்டுகிறவள்தானே என்று ஒருநாள் உறைத்தது. நூலகத்துக்குப் போய், பட்டியலின் மேலே இருந்த இரண்டு பேருக்குப் பிணை வைத்தேன். மூன்றாவது பெயரை ஏற்றியதும் 'பிணையாளர் வரம்பு மீறப்பட்டுள்ளது' என்று திரையில் சிவப்பாக வந்தது. நான் எழுதிய வசனம். எழுத்துப் பிழை இல்லாமல் அழகாக எழுதியிருந்தேன்.

அன்றிலிருந்து சனி, ஞாயிறுகளில் பிணைப் படிவங்களோடு வீடு வீடாக இறங்கினேன். அங்கத்தவர் பகுதி பழைய தாளில் இருக்கிறது, பிணையாளர் பகுதிக்கு மட்டும் புதுத் தாள். மாடி வீட்டுக்காரர்கள், ஓய்வூதியக்காரர்கள், என் சொந்தச் சித்தப்பா. "முகாம் சனமே? உவையள் நாளைக்கு எங்கையெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று கேற்றடியிலேயே வைத்துக் கேட்டார்கள். சித்தப்பா ஒரு கையெழுத்துத்தான் வைப்பேன் என்று பேரம் பேசினார். "ரெண்டு வையுங்கோ! உங்கடை வீட்டிலை இருக்கிற சபைப் புத்தகம் நாலும் எந்த வருசம் எடுத்தது?" என்று நான் கத்தினேன். வைத்தார். வாழ்க்கையில் நான் ஒருவரிடமும் அப்படிக் கத்தியதில்லை.

ஆறு மாதத்தில் நாற்பத்தாறு அட்டைகள் திறந்தன. அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தொலைபேசி எடுக்கத் துணிவு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்திருப்பாள் என்று பார்த்து எடுத்தேன். நாற்பத்தாறு என்று சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஏன் பொய் சொல்லவேண்டும், நன்றி சொல்வாள் என்றே நினைத்தேன்.

"மிச்சம்?" என்று கேட்டாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அத்தனை கோபமும். "ஒரு நல்ல சொல்லுச் சொன்னால் வாய் தேஞ்சு போயிடுமே உனக்கு? ஆறு மாசமா ஒழுங்கை ஒழுங்கையாத் திரியிறன். நாய் கலைச்சுது. சொந்தக்காரர் முகம் குடுத்துக் கதைக்கினமில்லை. அண்டைக்கு நீ ஒரு வார்த்தை வாய் திறந்திருந்தால் இதொண்டும் நடந்திருக்காது. எல்லாரையும் ஏசத் தெரிஞ்ச உனக்கு அதைச் சொல்லத் தெரியேல்லையே?" மூச்சு வாங்கும்வரை கத்தினேன். நீ என்று கதைத்ததுகூடப் பிறகுதான் உறைத்தது.

"முடிஞ்சுதே அக்கா?" என்று கேட்டாள். "நூற்றிப்பதினேழு எண்டு நீங்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் எண்ணேல்லை. அவை என்னட்டை ஒவ்வொருத்தராத்தான் வந்தவை. ஒவ்வொரு முகமாப் பாத்துத்தான் வைச்சனான். நீங்கள் இப்பவும் நாற்பத்தாறு எண்டுதான் சொல்லுறியள்."

அவள் அதோடு விடவில்லை.

"உந்தப் பட்டியலிலை இருக்கிற ஒருத்தரை, ஒரே ஒருத்தரை, போய்ப் பாத்தனீங்களே?"

பிணை வைக்கக்கூடிய வீடுகளுக்குத்தான் நான் போயிருந்தேன். முகாமுக்குள் ஒருநாளும் கால் வைக்கவில்லை. அட்டை திறந்துவிட்டது என்று அந்த நாற்பத்தாறு பேருக்கும் யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

"பாக்கேல்லை" என்றேன்.

ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.